முதலும் எச்சமும்: மன்னார்க் கடலின் கலங்கலை முன்வைத்து ஓர் அளவையியல் நோக்கு

ஒரு கூற்று மெய்யென்று எப்பொழுது கொள்ளப்படலாம் என்பது மெய்யியலாரின் பழைய வினாக்களுள் ஒன்று. அவ்வினா நூலகத்து மேசையிலே கிடக்கும்வரை எவருக்கும் இடையூறு விளைப்பதில்லை. கடற்கரைக்கு வரும்பொழுதோ நிலைமை வேறாகின்றது. கடலடியைத் தோண்டுவதாயினும், கரைமணலை அள்ளுவதாயினும், துறைமுகம் கட்டுவதாயினும், அவ்வேலையாற் கிளம்பும் சேறு எங்கே செல்லும், எத்தனை நாள் நீரிலே நிற்கும், எங்கே படியும் என்று இன்று கணித மாதிரியுரு ஒன்று விடை கூறுகின்றது. அவ்விடை செய்மதிப் படத்தோடு ஒப்பிடப்படுகின்றது. இரண்டும் பொருந்துமாயின் 'மெய்ப்பிக்கப்பட்டது' என்னும் சொல் அறிக்கையில் ஏறுகின்றது. அச்சொல்லை நம்பியே அனுமதிப் பத்திரங்கள் கையொப்பமாகின்றன. அச்சொல்லுக்கு அவ்விடத்தில் எவ்வளவு பொருள் உண்டு, அதனை எழுதுபவர் யாருக்குக் கடமைப்பட்டவர் என்பனவே ஈண்டு ஆராயப்படுவன. இவ்வாராய்ச்சிக்கு மன்னார்த் தீவையும் அதனைச் சூழ்ந்த கடலையும் விடப் பொருத்தமான இடம் ஈழத்திலே வேறில்லை எனலாம்.

மன்னார்த் தீவு இயல்பில் மாறுபட்ட இரு கடல்களுக்கிடையே நீண்டு கிடப்பது. வடக்கே பாக்கு விரிகுடா. பெரும்பாலும் பத்துப் பன்னிரண்டு மீற்றர் ஆழத்துக்கு மேற்படாத தட்டையான நீர்ப்பரப்பு. தெற்கே மன்னார் வளைகுடா. கரையோரத் திட்டைகளைத் தாண்டியதும் ஆயிரம் மீற்றருக்கும் கீழே சரிந்து செல்வது. இவ்விரண்டையும் தலைமன்னாருக்கும் தனுஷ்கோடிக்கும் இடையே கிடக்கும் மணற்றிட்டுகளின் தொடர் பிரிக்கின்றது. சோழகம் வீசும் மாதங்களிலே தென்கடல் குழம்பிச் செந்நிறங் கொள்ள வடகடல் ஓரளவு தெளிந்திருக்கும். வாடை எழுந்ததும் நிலைமை தலைகீழாகும். பருவத்துக்குப் பருவம் கரைமாறித் தொழில் செய்யும் மீனவருக்கு இது சிறுவயதிலேயே தெரிந்த செய்தி. அறிஞருக்கு அது சமன்பாடாக வேண்டியிருக்கின்றது.

அச்சமன்பாட்டின் உள்ளடக்கம் கேட்பதற்கு எளியது. காற்று அலையை எழுப்புகின்றது. அலையும் நீரோட்டமும் கடலடியை உரசுகின்றன. அவ்வுரசல் ஒரு வரம்பைக் கடந்ததும் அடியிலுள்ள துகள் மேலெழுகின்றது. எழுந்த துகளை ஓட்டம் கொண்டுசெல்ல, புவியீர்ப்பு அதனைக் கீழே இழுக்கின்றது. நீரிலே விழும் சிறு கோளத்தின் வேகத்தைக் கணிக்கும் விதியை ஜோர்ஜ் கேப்ரியல் ஸ்ரோக்ஸ் 1851ஆம் ஆண்டிலேயே தந்துவிட்டார். அவ்விதிப்படி 0.01 மில்லிமீற்றர் விட்டமுள்ள வண்டற்றுகள் ஒன்று பத்து மீற்றர் ஆழத்தைக் கடந்து அடிசேர ஏறத்தாழ 30 மணி நேரமாகும். கடற்கரையிற் காலிலே ஒட்டும் 0.2 மில்லிமீற்றர் மணலுக்கோ ஏழெட்டு நிமிடம் போதும். வேகம் விட்டத்தின் வர்க்கத்தோடு மாறுவதால், நுண்துகளின் விட்டத்தை இருமடங்காகத் தவறிக் கொண்டால் விழும் காலம் நான்கில் ஒன்றாகிவிடும். 30 மணி ஏழரை மணியாகும். கலங்கல் செல்லும் தூரமும் அவ்வாறே சுருங்கும். மேலும், உப்புநீரிலே சேற்றுத்துகள்கள் தனித்து நிற்பதில்லை. ஒன்றோடொன்று ஒட்டித் திரண்டும் பின்னர் உடைந்தும் வடிவம் மாறுகின்றன. ஸ்ரோக்ஸின் ஒழுங்கான கோளத்தை மன்னாரிலே எவரும் கண்டதில்லை. ஆகவே மாதிரியுருவை ஆக்குபவர், கடலடித் துகளின் பருமன், அது எழும் வரம்பு, எழும் வீதம் முதலிய சில எண்களை ஒருவாறு தெரிவுசெய்தே தொடங்க வேண்டியவராகின்றார்.

இனிச் செய்மதியை நோக்குவோம். 1966இலே ஜெமினி 11 விண்கலத்திலிருந்து எடுக்கப்பட்ட படமொன்றில் இந்தியாவின் தென்பகுதியும் இலங்கையும் ஒரே சட்டத்துள் அடங்கியதைக் கண்டு உலகம் வியந்தது. இன்று சென்ரினல்-2 என்னும் இரட்டைச் செய்மதிகள் பத்து மீற்றர் நுணுக்கத்தோடு ஐந்து நாளுக்கொருமுறை ஓரிடத்தைப் படம்பிடிக்கின்றன. படத்திலே கலங்கல் கண்ணுக்கே தெரிகின்றது. ஆதலாற் பொதுமக்கள் மாத்திரமன்றி அறிஞர் சிலரும் மாதிரியுருவை ஊகமென்றும் செய்மதியைக் கண்கண்ட சாட்சியென்றும் கருதிவிடுகின்றனர். இக்கருத்து ஆராயத்தக்கது.

செய்மதி வண்டலைக் காண்பதில்லை, ஒளியையே காண்கின்றது. கடலை நோக்கும் கருவியை வந்தடையும் ஒளியிலே பத்தில் ஒன்பது பங்களவு வளிமண்டலத்திலே சிதறியது. அதனைக் கணித்துக் கழிக்க வேண்டும். எஞ்சிய சிறுபங்கிலே நீர்ப்பரப்பின் மினுக்கம் உண்டு. நீரிலுள்ள பாசியின் நிறம் உண்டு. பாக்கு விரிகுடா போன்ற ஆழமற்ற கடலிலே வெண்மணல் அடியிலிருந்து தெறித்த ஒளியும் உண்டு. தெளிந்த நீரின் கீழுள்ள மணற்றிட்டும் கலங்கிய நீரும் படத்திலே ஒரே வெளிறிய நிறமாய்த் தோன்றக்கூடும். இவையனைத்தையும் பிரித்தெடுத்த பின்னர், எவ்வளவு சிவப்பொளிக்கு எவ்வளவு வண்டல் என்று முன்னரே எங்கோ நீரை மொண்டு நிறுத்து அமைத்த ஒரு தொடர்பைக் கொண்டு, லீற்றருக்கு இத்தனை மில்லிகிராம் என்னும் எண் பெறப்படுகின்றது. கண்ணாற் கண்டதாகச் சொல்லப்படும் எண்ணும் இவ்வாறு கணக்கின் வழியே வந்ததுதான்.

தமிழிலே அளவையியலைப் பயின்றோருக்கு இவ்விடத்தில் மணிமேகலை நினைவுக்கு வராமற் போகாது. 'சமயக்கணக்கர் தந்திறங் கேட்ட காதை'யிலே அளவைவாதி பத்து அளவைகளைக் கூறுமிடத்து, கருத்தளவையைப் பொது, எச்சம், முதல் என மூன்றாக வகுக்கின்றான். ஆற்றிலே பெருகிவரும் வெள்ளத்தைக் கண்டு மேலே மழை பெய்தது என்று துணிவது எச்சம். காரியத்திலிருந்து காரணத்துக்குச் செல்வது. கருக்கொண்ட முகிலைக் கண்டு இனி மழை பெய்யும் என்று கூறுவது முதல். காரணத்திலிருந்து காரியத்துக்குச் செல்வது. மன்னாருக்கு இவ்வுதாரணம் வெறும் ஏட்டுச் சுரைக்காயன்று. அனுராதபுரத்து மழைநீரைத் தாங்கி வரும் அருவியாறு அரிப்புக்கு வடக்கே கடலிற் கலக்கும் கழிமுகத்திலே, நீர் செந்நிறமாவதைக் கண்டு மேல்நாட்டிலே மழையென்று அறிவோர் இன்றும் உளர்.

இப்பாகுபாட்டைக் கொண்டு நோக்குமிடத்து மாதிரியுரு முதல் என்னும் வகையைச் சார்ந்தது. காற்றிலிருந்து கலங்கலுக்கு வருகின்றது. செய்மதி எண் எச்சத்தைச் சார்ந்தது. ஒளியிலிருந்து கலங்கலுக்குத் திரும்புகின்றது. இரண்டும் கருதலே. காட்சி இரண்டிலும் இல்லை. எனவே மெய்ப்பிப்பு எனப்படுவது கருதலைக் காட்சியாற் சோதிப்பது அன்று. எதிரெதிர்த் திசைகளிலிருந்து வந்த இரு கருதல்கள் ஓரிடத்திலே சந்தித்தமையைப் பதிவுசெய்வதே.

அச்சந்திப்புக்கு மதிப்பில்லை என்று கூறுதல் பெருந்தவறாகும். ஒருவரையொருவர் அறியாத இருவர் வெவ்வேறு ஊரிலிருந்து வந்து ஒரே செய்தியைக் கூறினால் அச்செய்தி வலுப்பெறவே செய்யும். காற்றைக் கணிப்பதில் நேரும் பிழையும் ஒளியைப் பிரிப்பதில் நேரும் பிழையும் ஒரே திசையிலே ஒரே அளவிலே நேர்வது அரிது. ஆனால் இந்நியாயத்தின் வலு முழுவதும் 'ஒருவரையொருவர் அறியாத' என்னும் அடைமொழியிலே தங்கியுள்ளது. நடைமுறையில் நிகழ்வதென்ன? முதற்கணக்கு செய்மதி எண்ணோடு பொருந்துவதில்லை. அப்பொழுது துகளெழும் வரம்பு சற்றுக் குறைக்கப்படும். துகள் விழும் வேகம் சற்று மாற்றப்படும். பொருத்தம் வரும்வரை இது தொடரும். சாட்சிகள் நீதிமன்றத்துக்கு வருமுன்னரே கலந்துபேசிக் கொண்டனர். அதன்பின் அவர்கள் கூற்றின் ஒற்றுமை பழைய மதிப்பைப் பெறுவதெங்ஙனம்? கவனமுள்ள ஆய்வாளர் சில ஆண்டுகளின் படங்களைக் கொண்டு எண்களைத் திருத்தி, தொடாது வைத்த வேறு ஆண்டுகளைக் கொண்டு சோதிப்பர். அது நல்வழக்கு. ஆயினும் இருவேறு எண்சோடிகள் ஒரே கலங்கலைத் தரக்கூடும் என்னும் இடர் அங்கும் நீங்குவதில்லை. எளிதில் எழுந்து விரைவில் விழும் துகளும், அரிதில் எழுந்து மெல்ல விழும் துகளும் மேற்பரப்பிலே ஏறத்தாழ ஒரே தோற்றத்தைக் காட்டலாம்.

இதன் விளைவு அறிவுத்துறையோடு நின்றுவிடுவதாயின் அத்துணைக் கவலையில்லை. ஓர் உதாரணத்தால் மேற்சென்று காணலாம். கடலடியை வாரிச்செல்லும் இழுவைமடிகள் சேற்றைக் கிளப்புவன. மெக்சிக்கோ வளைகுடாவிலும் சீனக் கரையிலும் இழுவைப்படகுகளின் பின்னே நீளும் சேற்றுவால்கள் செய்மதிப் படங்களிலே தெளிவாகப் பதிந்துள்ளன. பாக்கு விரிகுடாவிலே இழுவைமடித் தொழில் எத்துணைப் பெரும் பூசலுக்கு ஏதுவாயிற்று என்பதைச் சொல்லத் தேவையில்லை. இலங்கை 2017இலே அதனைச் சட்டத்தால் தடைசெய்தது. இக்கடலுக்கென ஆக்கப்படும் மாதிரியுரு ஒன்றிலே காற்றும் அலையும் வற்றுப்பெருக்கும் மாத்திரம் காரணங்களாக இடப்பட்டுள்ளன என்று கொள்வோம். செய்மதி காட்டும் கலங்கல் கணக்கினும் மிகுதியாயிருக்கும். கணிப்பவர் குற்றமற்ற மனத்தோடு துகளெழும் வரம்பைக் குறைத்துப் பொருத்தம் காண்பார். அந்தக் கணத்திலே மடியின் செயல் காற்றின் கணக்கிலே எழுதப்பட்டுவிடுகின்றது. பின்னர் எவரேனும் வந்து மடிகளாற் கடல் கலங்குகின்றதா என்று வினவினால், இல்லை, இயற்கைக் காரணங்களே கலங்கல் முழுவதையும் விளக்குகின்றன என்று மெய்ப்பிக்கப்பட்ட மாதிரியுரு விடைகூறும். பொய் சொன்னவர் எவருமில்லை. ஆயினும் பொய் ஒன்று அரங்கேறிவிட்டது.

நயோமி ஒறெஸ்கெஸும் வேறிருவரும் 1994இலே 'சயன்ஸ்' இதழில் எழுதிய கட்டுரை இத்துறையிலே பலராலும் எடுத்தாளப்படுவது. இயற்கைத் தொகுதிகள் திறந்த தொகுதிகள். அவற்றின் உள்ளீடுகள் முற்றாக அறியப்படுவதில்லை. ஆதலின் அவற்றின் எண்மாதிரிகளை மெய்யென நிறுவுதல் இயலாது, ஓரளவுக்கு உறுதிப்படுத்தவே இயலும் என்பது அவர்கள் வாதம். இது மாதிரியுருவைக் கைவிடச் சொல்லும் வாதமன்று. எனினும் இவ்வாதம் ஒரு வினாவை விட்டுவிடுகின்றது. ஓரளவு என்பது எவ்வளவு? எந்த அளவு வந்ததும் போதுமென்று நிறுத்தலாம்? இதற்கு விடை தேடுவோர் 1953இலே றிச்சட் றட்னர் எழுதிய சிறு கட்டுரைக்குச் செல்ல வேண்டும். எந்தக் கருதுகோளும் சான்றுகளால் முற்றாக நிறுவப்படாமையால், சான்று போதுமென்று ஏற்பவர் பிழைபட்டால் நேரும் தீங்கின் பாரத்தையும் சேர்த்தே நிறுக்கின்றார் என்று அவர் காட்டினார். மருந்திலே நஞ்சு இல்லை என்பதற்கு வேண்டிய உறுதியும் ஒரு தொகுதி வார்ப்பூட்டுகளிலே பழுதில்லை என்பதற்கு வேண்டிய உறுதியும் ஒன்றல்ல. விஞ்ஞானி விஞ்ஞானியாக இருக்கும்பொழுதே அறத்தீர்ப்பு ஒன்றையும் வழங்கிவிடுகின்றார் என்பது இதன் கருத்து. விஞ்ஞான பீடத்து நண்பர் பலருக்கு இது கசப்பான செய்தியாயிருக்கலாம்.

மன்னார்க் கடலின் வரலாறு இக்கருத்துக்கு உரை எழுதி வைத்துள்ளது. முத்துச் சிலாபங்கள் 1891இன் பின்னர் ஆண்டுக்கணக்காக நடைபெறாமற் போகவே, ஆங்கில அரசு லிவர்பூல் பேராசிரியர் வில்லியம் ஹேட்மனை அழைத்தது. அவர் 1902இலே இங்கு வந்து பார்களை ஆராய்ந்தார். அவர் பதிப்பித்த அறிக்கை 1903 முதல் 1906 வரை ஐந்து பாகங்களாக வெளிவந்தது. பெரிய பாரிலே பலமுறை சிப்பிக்குஞ்சுகள் திரளாகப் படிந்தும் முதிருமுன் மறைந்தமைக்கு, தென்மேற்குப் பருவக்காற்றின்போது பெயரும் மணல் அவற்றை மூடுவது ஒரு பெருங்காரணம் என்று அவர் கண்டார். செய்மதியும் கணிப்பொறியும் இல்லாத காலத்திலே வண்டலின் அசைவைப் பற்றி இக்கடலில் எழுந்த அரிய முடிபு அது. அதற்கிடையே 1903 முதல் 1907 வரை சிலாபங்கள் ஆண்டுதோறும் நடைபெற்றன. 1905ஆம் ஆண்டுச் சிலாபம் முன்னென்றுமில்லா வருவாயைத் தந்தது. 1906இலே இலண்டன் கம்பனியொன்று பார்களை 20 ஆண்டுக் குத்தகைக்கு எடுத்தது. விஞ்ஞான முறையிலே சிப்பிகளை இடம்பெயர்த்தும் பேணியும் இடையறாது முத்தெடுக்கலாம் என்ற நம்பிக்கை அன்று வலுவாக இருந்தது. 1907க்குப் பின் அக்கம்பனிக்கு ஒரு சிலாபமும் வாய்க்கவில்லை. 1912இலே அது கலைந்தது. அடுத்த பெருஞ்சிலாபம் 1925இலேதான் கூடியது.

ஹேட்மனின் முடிபு பிழை என்பது இதன் கருத்தன்று. மணல் பெயர்வது உண்மையே. ஏன் பெயர்கின்றது என்று அறிவதும், எந்த ஆண்டிலே எந்தப் பாரை மூடும் என்று முன்னறிந்து அதன்மேற் குத்தகை எழுதுவதும் வேறு வேறு. கம்பனியின் பங்காளர் தம் பணத்தை இழந்தனர். பந்தயம் கட்டியவரே தோற்றனர் என்று அமைதி கூறலாம். ஆனால் சிலாபத்தை நம்பி அரிப்புக்கும் மரிச்சுக்கட்டிக்கும் வந்து கூடிய குளியாட்களும் சிறுவியாபாரிகளும் எந்தக் குத்தகையிலும் கையொப்பமிட்டவரல்லர்.

சேதுசமுத்திரத் திட்டத்திலே இவ்வேறுபாடு பன்மடங்கு பெரிதாகின்றது. 167 கிலோமீற்றர் நீளம், 300 மீற்றர் அகலம், 12 மீற்றர் ஆழம் கொண்ட கால்வாய்க்கெனக் கோடிக்கணக்கான கனமீற்றர் மணலும் சேறும் கடலடியிலிருந்து தோண்டப்பட வேண்டியிருந்தன. நாக்பூரிலுள்ள தேசியச் சுற்றாடற் பொறியியல் ஆராய்ச்சி நிறுவனம் 2004இலே தாக்க மதிப்பீட்டை அளித்தது. 2005 யூலையிலே வேலை தொடங்கிற்று. தோண்டிய சேறு எங்கே செல்லும், கால்வாய் எத்துணை விரைவில் மீண்டும் தூர்ந்துபோகும் என்பன பற்றி அறிஞரிடையே கடும் வாதம் நிகழ்ந்தது. 2007இலே இந்திய உயர்நீதிமன்றம் மணற்றிட்டுப் பகுதியிலே வேலையை இடைநிறுத்தியது. மாற்றுவழியை ஆராய 2008இலே அமைக்கப்பட்ட பச்சௌரி குழு, அவ்வழியும் பொருளாதார நோக்கிலும் சூழல் நோக்கிலும் ஏற்புடையதன்று என்று அறிக்கையிட்டது. நீதிமன்றத்திலும் பத்திரிகையிலும் பெரிதாய் ஒலித்தது இராமர் அணையின் புனிதம் பற்றிய வழக்கே. துகள் விழும் வேகம் பற்றிய வழக்குக்குக் கூட்டம் கூடுவதில்லை.

ஆயினும் அறநோக்கிலே முதலிடம் பெறவேண்டியது துகளே. 30 மணி நேரம் நீரிலே நிற்கும் துகள், செக்கனுக்கு 20 சதமமீற்றர் ஓடும் நீரிலே ஒரே திசையாகச் சென்றால் இருபது கிலோமீற்றருக்கும் மேல் கடந்துவிடும். தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடையிலுள்ள தூரம் ஏறத்தாழ முப்பது கிலோமீற்றர். 1974, 1976 ஆகிய ஆண்டுகளின் ஒப்பந்தங்கள் இக்கடல்களிலே வரைந்த எல்லைக்கோடு துகளைத் தடுக்காது. ஒரு நாட்டின் அதிகாரி 'மெய்ப்பிக்கப்பட்டது' என்று எழுதிய சொல்லின் பிழை மறுநாட்டின் கடற்புல்லின்மேற் படியும். ஒளி குறைந்தாற் கடற்புல் மெலியும்; புல் மெலிந்தாற் கடற்பசுவும் புல்லிடையே வளரும் இறாலும் நண்டும் குறையும். பேசாலையிலே நண்டுவலை இழுப்பவருக்குத் தம் பாட்டிலே நட்டம் வரும். அவர் அந்த அறிக்கையைக் கண்டதுமில்லை. கேள்வி கேட்கும் உரிமை பெற்ற நாட்டவருமல்லர். நலம் ஓரிடத்தும் பிழையின் பாரம் வேறிடத்தும் விழும் இடத்திலே, போதிய சான்று எது என்பதை நலம் பெறுபவர் மாத்திரம் தீர்மானிப்பது நீதியாகாது. றட்னரின் தராசிலே மற்றவரும் கைவைக்க வேண்டும்.

கைவைப்பதாவது யாது? அவர்தம் உரையும் அளவையாக ஏற்கப்படுதல். சைவசித்தாந்தம் காண்டல், கருதல், உரை என மூன்றளவை கொள்வது. பௌத்த அளவைநூலோ உரையைத் தனியே கொள்ளாது காட்சியும் கருதலுமே போதுமென்பது. இன்றைய மாதிரியுருவாளர் தம்மையறியாமலே பௌத்தர் பக்கம் நிற்கின்றனர். மீனவர் கூற்று அவர்க்குக் கதை. ஆனால் செய்மதி காணாத இடங்களை எண்ணிப் பார்த்தால் இக்கொள்கை நிலைப்பது அரிது. செய்மதி பகலிலே மாத்திரம், பெரும்பாலும் முற்பகல் பத்துக்கும் பதினொன்றுக்கும் இடையிலே கடக்கின்றது. பிற்பகற் காற்று எழுமுன் போய்விடுகின்றது. கலங்கிய நீரிலே மேலுள்ள ஓரிரு மீற்றரைக்கூட அது முழுதாய் ஊடுருவாது. எல்லாவற்றுக்கும் மேலாக, முகில் மூடிய நாளிலே அதற்குக் கண்ணில்லை. மன்னாரிலே வண்டல் மிகுதியாய் அசைவது புயலும் பருவமழையும் எழும் அந்த நாட்களிலேதான். 1964 டிசெம்பர்ப் புயல் தனுஷ்கோடியை அழித்துத் தலைமன்னாரையும் தாக்கிய இரவு போன்ற ஓரிரவு, பல அமைதியான மாதங்களிலும் மிகுதியான மணலைப் பெயர்க்கவல்லது. ஆகவே மெய்ப்பிப்பு நிகழ்வது பெரும்பாலும் தெளிந்த நாட்களைக் கொண்டே. தீர்ப்பு வழங்கப்படுவதோ எல்லா நாட்களுக்கும்.

சங்கு குளிப்பவரும் கடலட்டை எடுப்பவரும் அடியைக் கையாலே தொடுபவர். புயலுக்குப் பின் எந்தப் பார் மூடிக் கிடக்கின்றது, எந்தத் திசையிலே புதுமணல் குவிந்துள்ளது, அடிநீர் எத்தனை நாளிலே தெளிந்தது என்பன அவர்க்குக் காட்சியே. மேற்பரப்பின் ஒளியிலிருந்து அடிநீரை ஊகிப்பதைவிட இது நேரானது. அவரும் பிழைபடலாம், தம் தொழிலுக்குச் சார்பாகவும் பேசலாம். ஆதலால் பலரிடம் கேட்டு, நாளும் இடமும் குறித்து, ஒருவர் கூற்றை மற்றவர் கூற்றோடு ஒப்பிட்டே கொள்ளவேண்டும். செய்மதி ஒளியிலிருந்து வளிமண்டலத்தைக் கழிப்பதும் இத்தகைய துப்புரவே. ஒன்றுக்கு அவ்வுழைப்பைச் செலவிட்டு மற்றதற்கு மறுப்பதற்கு அளவையியற் காரணம் எதுவும் காணப்படவில்லை.

2023 சனவரியிலே தமிழ்நாட்டுச் சட்டமன்றம் சேதுசமுத்திரத் திட்டத்தை மீண்டும் நிறைவேற்றக் கோரித் தீர்மானம் இயற்றிற்று. மன்னார்த் தீவின் மணலிலுள்ள இல்மனைற்றை அகழும் முயற்சிக்கு எதிராகத் தீவு மக்கள் 2025இலே நாட்கணக்கிற் போராடினர். ஆகவே இக்கடலின் கணக்கு இன்னும் பலமுறை போடப்படும். போடுவோர் தம் அறிக்கையிலே, எத்தனை நாட்கள் முகிலால் மறைந்தன, பொருத்தம் காணும்பொருட்டு எந்தெந்த எண்கள் எவ்வளவு மாற்றப்பட்டன, எந்தக் காரணங்கள் கணக்கிலே இடப்படவில்லை என்பவற்றை முதற்பக்கத்திலே எழுதுவாராயின், அதனை வங்காலையிலும் பேசாலையிலும் தமிழிலே வாசித்துக் காட்டலாம். கேட்டிருக்கும் குளியாட்களுள் ஒருவர் எழுந்து, நீங்கள் சொல்லும் பாரிலே சென்ற வாடைக்கே மணல் ஏறிவிட்டது என்று கூறவும் கூடும்.